இராவிழிப்பும் ஊளைச்சதையும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப்பொங்கல் நாளில் நான் செய்த பிழையொன்றை இவ்வாரம் நேயர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பதுளைக்கு அப்பால், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் தமக்கையார் வாழ்கிறார். அவருடைய மகன் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். தோட்டத்து வழக்கிற் சொன்னால் 'ஸ்டோர்' வேலை. பொங்கலுக்கென்று நான் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. வாசலிலே கோலம், முற்றத்திலே பிள்ளைகளின் ஆரவாரம், பானையிலிருந்து எழுந்த மணம் லயம் முழுவதும் பரவியிருந்தது. மருமகன் மட்டும் உள்ளே கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டு நித்திரையில் இருந்தார்.

"நல்ல நாளும் பொழுதுமாக இப்படியும் ஒரு தூக்கமா? அதுதான் வயிறு முன்னாலே வந்து நிற்கிறது!" என்றேன் உரக்க. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மருமகன் எழுந்து, முகங் கழுவி, என்னோடு இலையில் அமர்ந்தார். "ராத்திரி ஏழு மணிக்குப் போனேன் மாமா. காலையிலே எட்டுக்குத்தான் வந்தேன்," என்று மட்டும் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. இன்னும் ஓர் அகப்பை பொங்கலை அவர் இலையில் வைத்து, என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு அவருக்குச் சலரோகம் கண்டிருப்பதாகக் கடிதம் வந்தது. எடையைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்னாராம். மருமகனோ, மாமன் சொன்ன வயிற்றை ஒழித்தே தீருவதென்று, பகலில் எதுவும் உண்ணாமலும், இரவில் வெறுந்தேநீரை மாத்திரம் குடித்தும் மூன்று வாரம் நோன்பிருந்திருக்கிறார். ஒருநாள் விடியற்காலை மூன்று மணியளவில், கொழுந்து உருட்டும் இயந்திரத்துக்கு இரண்டு முழத் தூரத்தில் மயங்கி விழுந்தார். பக்கத்தில் நின்றவர் தோளைப் பற்றி இழுத்திராவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிரேன், வேறொன்றை எழுதியிருப்பேன்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அளவாக உண்கிறவன், உடல் வருந்த உழைக்கிறவன், ஏன் பருக்கிறான்? பருத்தவன் பட்டினி கிடந்தும் ஏன் இளைக்கவில்லை?

உறங்காத கொழுந்து

தேயிலைக்கு இரவுவேலை ஏன் என்பதை நகரத்து நேயர்களிற் பலர் அறியார். பகலிற் பறித்த பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற் பங்கு தண்ணீரே. அதனை உடனே உருட்ட இயலாது. நீண்ட தொட்டிகளிற் பரப்பி, விசிறியாற் காற்றைச் செலுத்திப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை வாட்ட வேண்டும். நண்பகலில் வந்த கொழுந்து நள்ளிரவிலும், மாலையில் வந்த கொழுந்து விடியற்காலையிலும் பதத்துக்கு வரும். பதம் வந்த கொழுந்து மனிதனுடைய நித்திரைக்காகக் காத்திராது. உருட்டுதல், அரித்தல், புளிக்கவைத்தல், உலர்த்துதல் என்று வேலை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். காலையில் நாம் தேநீர்க் கோப்பையைக் கையிலெடுக்கும்போது, அதற்குள் யாரோ ஒருவருடைய இரவு கரைந்திருக்கிறது.

ஊவாவில் இந்த வேலைக்கு ஒரே அளவும் இல்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வரும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணம் உண்டாகிறது. ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவமழை பொழிகிறது. கொழுந்து குவிந்தால் வேலை நீளும். குறைந்தால் வேலையும் குறையும். ஒரு வாரம் இரவு, மறுவாரம் பகல் என்று முறை மாறும். இன்று எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்பதைத் தொழிலாளி தீர்மானிப்பதில்லை, கொழுந்து தீர்மானிக்கிறது.

ஸ்டோர்க்காரரோடு இது முடிவதன்று. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் இரவு முழுவதும் கண்விழிக்கும் தாதியர், சிற்றூழியர். 1924ஆம் ஆண்டில் பதுளை வரை வந்து முடிந்த புகையிரதப் பாதையில் காலமறியாது கடமை பார்ப்போர். விடியுமுன் கொழும்புக்குப் புறப்படும் பஸ் சாரதிகள். ஊர் விழிக்குமுன் பாண் சுடும் பேக்கரித் தொழிலாளர். தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போய்க் காவற்கடமையிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் முறைவேலை செய்யும் நம் பிள்ளைகள் - இவர்கள் யாவரும் ஒரே படகில் இருப்பவர்கள்.

குகைக்குள் ஒரு மனிதர்

இங்கே மாணவ நேயர்களுக்குச் சுவையான வரலாறு ஒன்றைச் சொல்லவேண்டும். 1962ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மிஷேல் சிஃப்ரே என்னும் இருபத்துமூன்று வயதுப் பிரெஞ்சு நிலவியல் அறிஞர், அல்ப்ஸ் மலைக் குகையொன்றுக்குள் தனியாக இறங்கினார். கையிற் கடிகாரம் இல்லை. கண்ணிற் சூரியன் இல்லை. பசித்தபோது உண்டார், உறக்கம் வந்தபோது உறங்கினார். இரண்டு மாதங்களின்பின், செப்டெம்பர் 14ஆந் தேதி, அவரை வெளியே வரும்படி அழைத்தபோது, அன்று ஓகஸ்ட் 20 என்றே அவர் எண்ணியிருந்தார்! இருபத்தைந்து நாள்கள் அவர் கணக்கிலிருந்து களவு போயிருந்தன.

வியப்பு அதுவன்று. மனம் நாள்களைத் தவறவிட்டும் உடல் தவறவிடவில்லை. அவர் உறங்கி விழித்த நேரங்களை மேலே இருந்தவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். கணக்கிட்டபோது அவை ஏறத்தாழ இருபத்துநான்கரை மணிநேரச் சுற்றில் ஒழுங்காக நடந்திருந்தன. சூரியனைக் காணாவிட்டாலும் உடம்புக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கடிகாரத்தின் இருப்பிடம், கண்ணின் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே மூளையில் உள்ள ஒரு சிறு பகுதி என்பதை 1972இல் விஞ்ஞானிகள் கண்டனர். அக்கடிகாரத்தின் நுண்ணிய சக்கரங்களைப் பழ ஈக்களில் ஆராய்ந்து விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய அமெரிக்கர் மூவர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். மூளையில் இருப்பது தலைமைக் கடிகாரம். ஈரலுக்கும் கணையத்துக்கும் குடலுக்கும் தனித்தனியே சிறு கடிகாரங்கள் உண்டு. தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் அறிகிறது. வயிற்றுக் கடிகாரங்களோ பெரும்பாலும் உணவைக் கொண்டு நேரம் அறிகின்றன.

இரவு இரண்டு மணிக்கு ஒருவர் ரொட்டியும் சம்பலும் உண்ணும்போது நடப்பது இதுதான்: தலைமைக் கடிகாரம் 'இது இரவு' என்கிறது, வயிறு 'இது பகல்' என்கிறது. ஒரு வீட்டில் இரண்டு எசமானர்கள்! சீனியை இரத்தத்திலிருந்து அகற்றும் இன்சுலினுடைய வேலை இரவில் மந்தமாகவே நடக்கும். ஆகவே பகலில் உண்டால் ஏறும் சீனியைவிட, அதே உணவை இரவில் உண்டால் ஏறும் சீனி அதிகம்.

2021இல் பொஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர், இளவயதினரான பத்தொன்பது பேரை இரவுவேலை செய்பவர்களைப் போலவே விழித்திருக்கச் செய்து பரிசோதித்தனர். ஒரு சாரார் இரவிலும் உண்டனர். மறுசாரார் பகலில் மாத்திரம் உண்டனர். இரவிலும் உண்டவர்களுடைய இரத்தச் சீனி சராசரியாக 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அத்தகைய உயர்வு காணப்படவில்லை. விழித்தது இருசாராரும், கெட்டது ஒருசாரார்.

பட்டினியாற் கரைந்தது எது?

இனி, மருமகனுடைய நோன்பின் கதைக்கு வருவோம். நித்திரை குறைந்தவனுக்குப் பசி கூடும். 2004ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணிநேரம் மட்டும் உறங்கவிட்டனர். அவர்கள் நன்றாக உறங்கிய நாள்களோடு ஒப்பிட்டபோது, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் என்னும் சுரப்பு 18 சதவீதம் குறைந்தும், 'இன்னும் கொண்டுவா' என்று சொல்லும் கிரெலின் என்னும் சுரப்பு 28 சதவீதம் கூடியும் இருந்தன. அவர்களுக்கு ஆசை பிறந்தது கீரைமீதா? இல்லை, இனிப்பின்மீதும் மாப்பண்டத்தின்மீதுமே அதிகமாகப் பிறந்தது. நள்ளிரவில் பிஸ்கட் பொதிக்குள் நுழையும் கை, பேராசையின் கை அன்று. நித்திரையில்லாத உடம்பின் கை.

அதைவிட முக்கியமானது 2010இல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த வேறொரு பரிசோதனை. பருமனான பத்துப் பேருக்கு அளவு குறைந்த ஒரே வகை உணவைக் கொடுத்து, பதினான்கு நாள்கள் எட்டரை மணிநேரமும், வேறு பதினான்கு நாள்கள் ஐந்தரை மணிநேரமும் படுக்கையில் இருக்கச் செய்தனர். இரண்டு முறையும் ஏறக்குறைய மூன்று கிலோ எடை குறைந்தது. ஆனால் நன்றாக உறங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. உறக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மாத்திரமே கொழுப்பு. மீதியிற் பெரும்பகுதி தசையும் பிறவும். தராசு இரண்டு முறையும் ஒரே கணக்கைத்தான் காட்டியது; உடம்புக்குள்ளோ கணக்கு வேறு.

நேயர்களே, இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். உறங்காமற் பட்டினி கிடப்பவன் தன் கொழுப்பைக் குறைவாகவே கரைக்கிறான். உழைக்கும் தசையையே அதிகமாகக் கரைக்கிறான். வயிறு அப்படியே நிற்க, கைகால்கள் மெலிகின்றன. பிறகு சோர்வு, சோர்வினால் நடமாட்டம் குறைவு, அதனால் மீண்டும் பருமன். முறைவேலை செய்பவர் இளைக்க விரும்பினால், முதல் மருந்து பட்டினி அன்று, நித்திரை.

இளைக்க வேண்டியவர் யார்?

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை. தோட்டத்து மக்களைப் பார்த்து 'இளையுங்கள்' என்று பொதுவாகச் சொல்வது நியாயமாகாது. போதிய போஷாக்கின்றி, இரத்தசோகையோடு மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய்மார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கூடுதலான நல்லுணவு. ஒரே லயத்தில், ஒரு காம்பராவில் மெலிந்த தாயும், அடுத்த காம்பராவில் பருத்த மகனும் இருக்கக்கூடும் என்பதே இக்காலத்தின் விந்தை.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் எடையைக் கிலோவில் வகுக்க வேண்டும். நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 59 கிலோ என்பது அந்த எச்சரிக்கைக் கோடு. இன்னும் எளிய வழி, தையற்காரரின் நாடாவால் இடையை அளப்பது. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. நம் இனத்தவரிற் பலர் கைகால் மெலிந்திருக்கும்போதே வயிற்றில் கொழுப்பைச் சேர்ப்பவர்கள். ஆதலால் தராசு சொல்லாததை நாடா சொல்லும்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஓர் ஆய்விலே, இருபது வயதைக் கடந்தோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குச் சலரோகம் இருப்பது தெரியவந்தது. இரவுவேலை செய்வோர் முப்பத்தைந்து வயதுக்குப் பின் ஆண்டுக்கொரு முறையேனும் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது கடமை. அரசாங்க வைத்தியசாலைகளோடு சேர்ந்த ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இதற்குப் பணம் வேண்டியதில்லை. உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் அதையும் வைத்தியரிடம் மறையாமற் சொல்லவேண்டும்.

அடுப்படியில் ஓர் ஒழுங்கு

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதைத் திறந்து பார்த்தால் மருந்தைவிட உணவின் அளவும், முன் உண்டது செரித்தலுமே பெரும்பகுதியாக இருக்கக் காண்கிறோம். முறைவேலைக்காரருக்கு அதனோடு நேரமும் சேரவேண்டும்.

இரவுவேலைக்குப் புறப்படுமுன், மாலை ஆறு மணியளவில், நாளின் பெரிய உணவை வீட்டில் உண்க. சோறாயினும் ரொட்டியாயினும் அளவோடு. அதனோடு பருப்பு, கீரை, வெலிமடைப் பக்கத்து மரக்கறி, முடிந்தால் முட்டை அல்லது மீன். தோட்டத்து ரொட்டியை நான் பழிக்கவில்லை. ஆனால் மூன்று கோதுமைமா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மட்டுமே உணவானால், இரண்டு மணிநேரத்தில் மறுபடியும் பசிக்கும். ஒரு ரொட்டியைக் குறைத்து அதன் இடத்தில் ஒரு கிண்ணம் பருப்பை வையுங்கள். குரக்கன்மாவைக் கலந்து சுடுங்கள். செலவு அதிகம் ஏறாது, பசி தாங்கும்.

நள்ளிரவிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது நல்லது. பசி பொறுக்காவிட்டால் அவித்த பயறோ கடலையோ ஒரு கைப்பிடி, அல்லது ஒரு முட்டை போதும். வேலை முடிந்து வந்ததும் பசியோடு படுத்தால் நித்திரை கலையும். வயிறு முட்ட உண்டு படுத்தாலும் கலையும். சிறிதளவு உண்டு படுத்து, விழித்தபின் மதிய உணவை உண்பதே முறை.

ஒன்று மறவாதீர்கள்: சலரோகத்துக்கு மாத்திரை விழுங்குவோரும் இன்சுலின் ஏற்றுவோரும், வைத்தியரைக் கேளாமல் உணவு நேரத்தை மாற்றக்கூடாது. மருந்தை எடுத்துவிட்டு உணவைத் தவிர்த்தால் சீனி திடீரென விழுந்து மயக்கம் வரும். என் மருமகனுக்கு இயந்திரத்தின் அருகே நேர்ந்ததும் அதுவே என்று பின்னர் வைத்தியர் சொன்னார்.

இனித் தேநீர். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 5 கிராம்; அதில் 20 கலோரி. இரவில் ஆறு கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் 360 கலோரி. அது ஒரு வேளை உணவுக்கு அண்மையானது! ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதாகக் கணக்கு. அந்தச் சீனியை மாத்திரம் நிறுத்தினாலும் மூன்று வாரங்களில் ஒரு கிலோவுக்குரிய கலோரி மிச்சம். டின்பாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதிற் பாதிக்கு அண்மையாகச் சீனியே இருக்கிறது. சர்க்கரைத் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தாலும் அது இனிப்பே. உலகம் விலைகொடுத்து வாங்கும் ஊவாத் தேயிலையின் மணத்தை, அதைச் செய்பவர்களே சீனியில் மூழ்கடிப்பானேன்? வாரத்துக்கு அரைக்கரண்டியாகக் குறைத்து வந்தால், நாக்கு ஆறு வாரத்திற் பழகிவிடும். தேநீரும் இரவின் முற்பாதியோடு நிற்கட்டும். விடியற்காலையிற் குடிக்கும் தேநீர் காலை நித்திரையைத் திருடும். அதன் வேகம் பாதியாகக் குறையவே ஐந்து மணிநேரமளவு செல்லும்.

ஸ்டோரில் நிற்பதும் சுமப்பதும் உழைப்புத்தான். ஆயினும் விழித்தெழுந்தபின் அரைமணிநேரம் தோட்டத்துப் பாதையில் விரைந்து நடப்பது தனிப் பயன் தரும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தார் கூறும் குறைந்த அளவு. வாரம் இருமுறை குந்தி எழுதல் போன்ற பயிற்சியும் செய்தால், இளைக்கும்போது தசை காப்பாற்றப்படும்.

நித்திரைக்குக் காவல்

இவ்வளவும் தனியொருவர் செய்யக்கூடியவை. இனிச் சொல்லப்போவதைத் தனியொருவர் செய்ய இயலாது; குடும்பமே செய்யவேண்டும். இந்தப் பகுதியை எழுதவே பேனாவை எடுத்தேன்.

பகலில் உறங்குபவனுக்குப் பகைவர்கள் பலர். ஜன்னல் வழியே வரும் வெளிச்சம், அடுத்த காம்பராவின் வானொலி, ஒலிபெருக்கி, பாத்திரச் சத்தம், 'ஒரு நிமிடம்' என்று எழுப்பும் உறவினர். இரவில் உறங்குபவனை நள்ளிரவு ஒரு மணிக்குத் தட்டி எழுப்பி 'தேங்காய் வாங்கி வா' என்று யாரும் சொல்வதில்லை. இரவுவேலை பார்த்தவனுக்குப் பகல் ஒரு மணியே நள்ளிரவு என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. நானும் எண்ணவில்லை.

ஒருமுறை மருமகனைக் கேட்டேன், "உனக்கு எத்தனை மணிநேரம் தூக்கம்?" என்று. "மூணு மணிநேரம் கிடைச்சா அது நல்ல நாள் மாமா," என்றார். அந்த உடம்பை நான் சோம்பல் உடம்பு என்றேன்!

என் தமக்கையார் வீட்டில் இப்போது சில ஒழுங்குகள் உள்ளன. மழைக்குக் கொழுந்து மலையில் உடுத்தும் பழைய படங்கொன்றை ஜன்னலிற் கட்டி இருட்டாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் பாடம் படிக்கும் இடம் வெளித்திண்ணைக்கு மாறிவிட்டது. கைத்தொலைபேசி தாயாரின் மடியில். மிக அவசரமானாலன்றி அது மகன் கைக்குப் போவதில்லை. காலையில் வேலை முடிந்து வரும்போது மருமகன் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வருகிறார். விடிகாலை வெளிச்சம் கண்ணில் பட்டால் தலைமைக் கடிகாரம் 'எழுந்திரு' என்று சொல்லுமன்றோ? காலை ஒன்பது முதல் இரண்டு வரை ஒரு நித்திரை. வேலைக்குப் புறப்படுமுன் மாலையில் ஒன்றரை மணிநேரம் இன்னொரு சிறு நித்திரை. இரண்டும் சேர்ந்து ஆறரை மணி. ஒரே மூச்சில் ஏழு மணிநேரம் கிடைக்காதவர்களுக்கு இப்படிப் பகுத்து உறங்குவதும் நன்மையே.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரவுக்கடமை முடிந்து வரும் தாதியொருவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் அடுப்பு அழைக்கிறது. பிள்ளையின் சப்பாத்து அழைக்கிறது. மாமியாரின் மருந்து அழைக்கிறது. மருமகன் பகலில் உறங்கினால் உலகம் சிரிக்கிறது. மருமகள் பகலில் உறங்கினால் உலகம் சிரிப்பதுகூட இல்லை, முறைக்கிறது. அவர் நின்றபடியே பிள்ளையின் மீதிப் பாணைத் தின்று, நித்திரையின்றி நாளைக் கழித்து, ஆண்டுக்கு இரண்டு கிலோ ஏறினால் 'ஆஸ்பத்திரிக்காரியே தன் உடம்பைப் பார்க்கத் தெரியாமல் இருக்கிறாளே' என்றும் சொல்கிறோம். கணவன்மாரே, அவர் இரவுக்கடமை முடிந்து வரும் காலைகளில் அடுப்பு உங்களுடையது. அதைவிடச் சிறந்த எடை குறைக்கும் மருந்து எந்த மருந்துக்கடையிலும் இல்லை.

வேலைகொடுப்போருக்கும் பங்கு உண்டு. முறையை மாற்றும்போது காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்றினால் உடம்பு எளிதில் இணங்கும். பின்னோக்கி மாற்றினால் திணறும். அடுத்த வார முறையை முன்கூட்டியே அறிவித்தால், வீட்டார் நித்திரைக்கும் உணவுக்கும் ஆயத்தம் செய்வர். இரண்டுக்கும் பெரிய முதல் வேண்டியதில்லை.

பரீட்சைக்கு இராவிழித்துப் படிக்கும் மாணவருக்கும் இதே நீதிதான். நள்ளிரவில் இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டும் துணையாக ஓராண்டு விழித்தால், பரீட்சை முடிவோடு இடையளவும் உயரும். படித்தது மனத்திற் பதிவதற்கும் நித்திரை வேண்டும்.

இவ்வாண்டுப் பொங்கல்

எட்டு மாதங்களில் மருமகனுடைய எடை 74 கிலோவிலிருந்து 68க்கு இறங்கியது. ஆறே கிலோதானா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இரத்தச் சீனியும் இறங்கியது, மாத்திரை பாதியானது. கொழுந்து குவிந்த மாதத்தில் ஒரு கிலோ திரும்ப ஏறியது, பிறகு இறங்கியது. முறைவேலைக்காரரின் எடை பதுளைப் பாதையைப் போன்றது, வளைவுகள் உண்டு. வளைவைக் கண்டு வண்டியை விட்டு இறங்கிவிடக் கூடாது.

இவ்வாண்டும் பொங்கலுக்குப் போனேன். காலை பதினொரு மணிக்கே சேர்ந்துவிட்டேன். வாசலில் கோலம் இருந்தது, ஆரவாரம் இல்லை. பேரப்பிள்ளை ஒன்று ஓடிவந்து வாயில் விரலை வைத்து, "தாத்தா, அப்பா நித்திரை" என்று காதோடு சொன்னது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். நமுனுகுல மலையை மூடியிருந்த முகில் மெல்ல விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பானையில் பொங்கல் மூடிவைக்கப்பட்டிருந்தது.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. "எப்ப வந்தீங்க மாமா? எழுப்பியிருக்கலாமே!" என்றார் மருமகன்.

"இப்போதுதான் வந்தேன்," என்றேன் நான்.

நல்ல நாளில் பொய் சொல்லலாகாது என்பார்கள். அந்த ஒரு பொய்யை நேயர்கள் மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன்.